ஆசிரியன் உரைக்கும் பாயிரம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உரைக்குரிய பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விழாக் குழுவினர் எனக்கே அளித்தனர். சங்கப் பாடலொன்றன் நயத்தையோ, புதுக்கவிதையின் போக்கையோ நான் பேசுவேன் என்று தாங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கடிதம். மேற்படிப்பிற்கு விண்ணப்பிக்கும் மாணவர் தம் பழைய ஆசிரியரை அணுகிக் கேட்டுப் பெறும் பரிந்துரைக் கடிதம். இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று எண்ண வேண்டா. நம் இலக்கியமும் இலக்கணமும் நெடுங்காலமாக எண்ணி வந்த பொருள்தான் இது என்பதை இயன்ற அளவு காட்ட முயல்கின்றேன்.

கோலியனூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து விழுப்புரத்துக் கல்லூரிக்கும் திண்டிவனத்துக் கல்லூரிக்கும் வருகின்ற மாணவருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை எங்கே, எவ்வாறு பெறுவது என்பதை அவர்கள் நன்கு அறிவர். மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டுப் பாதுகாக்கவும் அறிவர். ஆனால் அயல்நாட்டுப் பல்கலைக்கழகமோ, ஓர் உதவித்தொகை நிறுவனமோ, "உம்மை அறிந்த ஆசிரியர் மூவரிடம் கடிதம் பெற்றுத் தருக" என்று கேட்கும்போது அவர்கள் திகைத்து நின்றுவிடுகின்றனர். அந்தச் சான்றை வழங்க எந்த வட்டாட்சியர் அலுவலகமும் இல்லை. "அம்மா, அந்த ஐயாவுக்கு என்னை நினைவிருக்குமா? எப்படிப் போய்க் கேட்பது?" என்று என்னிடமே வந்து தயங்கி நின்றோர் பலர். அத்தயக்கத்தாலேயே விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் உளர். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தயக்கம் இல்லை. அவன் தந்தையோ, மாமனோ, "போய்க் கேள், அது வழக்கந்தான்" என்று சொல்லியனுப்பி விடுவார். வேறுபாடு அறிவில் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்வார் வீட்டில் இருந்தாரா, இல்லையா என்பதில்தான் இருக்கிறது. எனவேதான் இதனைப் பொது மேடையில் பேசவேண்டும் என்று துணிந்தேன்.

நன்னூல் வகுத்த நெறி

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியில், ஒருவன் எத்துணை விரிந்த நூலைச் செய்து முடித்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்கின்றார். அவ்வாறாயின் அவன் தகுதியை உலகம் அறிவது எப்படி? அதற்காகவே சிறப்புப்பாயிரம் வகுக்கப்பட்டது. அதனைச் சொல்வதற்கு உரியவர் நால்வர். தன் ஆசிரியன், தன்னோடு பயின்றவன், தன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என்று அவர் வரையறுக்கின்றார். நால்வருள்ளும் முதலிடம் ஆசிரியனுக்கே. இந்நால்வரும் பாயிரம் உரைப்பதற்கு அவர் ஆளும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அச்சொல் 'கடன்' என்பது. உரைத்தல் அருள் என்றோ, கொடை என்றோ, உதவி என்றோ அவர் கூறவில்லை, கடன் என்கின்றார். கடனைக் கேட்பவன் இரவலன் ஆகான். இதனைத் தயங்கி நிற்கும் நம் மாணவர்க்கு முதற்கண் சொல்ல வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தற்புகழ்ச்சியை விலக்கிய பவணந்தியாரே நான்கு இடங்களில் அதற்கு இசைவு தருகின்றார். அரசவைக்கு ஓலை தீட்டும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் ஒருவன் தன் சிறப்பைத் தானே கூறலாம். இன்று விண்ணப்பத்தோடு மாணவர் தம் நோக்கத்தை எழுதி இணைக்கும் கட்டுரை, முதல் இரண்டு இடங்களுக்கும் பொருந்துகின்றது. அதனை மாணவர் எழுதட்டும். பாயிரத்தை ஆசிரியர் எழுதட்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது. இதற்குப் பின்னர் மீண்டும் வருகின்றேன்.

தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் அளித்தவர் பனம்பாரனார். அவரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பர் உரையாசிரியர். அப்பாயிரத்தில் வெற்றுப் புகழ்ச்சி இல்லை. எந்த நில எல்லைக்குள் வழங்கும் மொழியை ஆராய்ந்தார், முந்து நூல்களை எவ்வாறு கண்டார், யாருடைய அவையில், எந்த ஆசானுக்கு முன்னர் நூலை உரைத்தார் என்ற செய்திகளே அதில் அடங்கியுள்ளன. பரிந்துரைக் கடிதம் எழுத விழையும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த மாதிரி வேறில்லை.

நம் மண்ணின் இரு சான்றுகள்

ஆற்றுப்படை என்னும் துறை யாது? பெற்ற ஒருவன் பெறாத ஒருவனுக்கு வழிகாட்டுவது. சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் பாடும் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்பர். எனவே இது நம் வட்டாரத்துப் பாட்டு. பரிசில் பெற்று வரும் பாணன் எதிர்ப்பட்ட பாணனிடம், எவ்வழியே செல்லலாம், இடையே எங்கெங்கு என்னென்ன உணவு கிட்டும், வாயிலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் விரித்துரைக்கின்றான். தான் பெற்றதை மறைத்துக்கொள்ளும் எண்ணம் அவனிடம் இல்லை. வழியறிந்தவர் வழியறியாதார்க்குச் சொல்லுதல் தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே மலர்ந்தது. ஆற்றுப்படை நாடிச் செல்வானுக்குக் கொடுப்பானைப் பற்றிச் சொல்வது. பரிந்துரையோ கொடுப்பானுக்கு நாடி வருவானைப் பற்றிச் சொல்வது. நல்லாசிரியர் இவ்விரண்டையும் செய்ய வேண்டியவர்.

இரண்டாவது சான்று சற்றே துயரமானது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் மன்னர்களை நாடிச் சென்றார். விச்சிக்கோவிடம் சென்றார். இருங்கோவேளிடம் சென்றார். புறநானூற்றின் 200, 201, 202 ஆம் பாடல்கள் அச்செலவின் பதிவுகள். கபிலரினும் உயர்ந்த பரிந்துரையாளரை எங்கே தேடுவது? ஆயினும் அவர் சொல் ஏற்கப்படவில்லை. இருங்கோவேள் மறுத்ததும், கபிலர் சினந்து பாடியதும் நாம் அறிந்தவை. கபிலர் இறுதியில் உயிர்நீத்த இடம் திருக்கோவலூர் என்பதை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டு சொல்லும். பெண்ணையாற்றில் நிற்கும் கபிலர் குன்றைத் தாங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். பரிந்துரை ஏற்கப்படாமல் போனால் அது கேட்டவரின் இழிவுமன்று, எழுதியவரின் இழிவுமன்று என்பதற்கு இது முதற் சான்று.

பெண் என்னும் முறையில் அப்பாடல்களைப் படிக்கும்தோறும் எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. அதனை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. பாரி மகளிர் புலவர்கள். புறநானூற்றின் 112 ஆம் பாடல் அவர்கள் பெயரால் நிற்பது. நிலவைக் கண்டு தந்தையையும் குன்றையும் இழந்த துயரைச் சில அடிகளில் சொல்லி, ஈராயிரம் ஆண்டுகளாக நம்மைக் கலங்கவைப்பது. அத்தகைய இருவரை மன்னர்முன் நிறுத்திய கபிலர், முல்லைக்குத் தேரீந்தவன் மகளிர் இவர் என்றார். தம் நட்பைச் சொன்னார். தம் தகுதியைச் சொன்னார். அவர்கள் பாட்டியற்றும் புலமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மணம் பேசச் சென்ற சூழலில் அக்கால வழக்கம் அதுவாக இருந்திருக்கலாம். கபிலரைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அவ்வழக்கம் இன்றும் மாறியதா என்று கேட்கின்றேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கு மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைத் திரிக்சு, சென்கா என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து 2003இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பெண்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் பொதுவாகச் சுருக்கமானவை. அவற்றில் உழைப்பும் பொறுப்பும் மிகுதியாகப் பேசப்பட்டன. ஆய்வுத் திறம் ஆண்களுக்கு எழுதிய கடிதங்களிலேயே மிகுதியாகப் பேசப்பட்டது. நம் கல்லூரிகளில் "அடக்கமான பெண், ஒழுங்காக வகுப்புக்கு வருவாள்" என்று எழுதிக் கையொப்பமிடுவோர் எத்தனை பேர்! அவள் குறுந்தொகைப் பாடல் ஒன்றிற்குப் புதிய உரை கண்டு கருத்தரங்கில் வாதிட்டதை எழுதுவார் எத்தனை பேர்? நான் எழுதும் கடிதங்களை எல்லாம், "இதை ஓர் ஆண் மாணவனுக்கு இப்படியே எழுதுவேனா" என்று கேட்டு ஒருமுறை படித்த பின்னரே அனுப்புகின்றேன்.

செட்டியார் செய்த பரிந்துரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றையே மாற்றிய பரிந்துரை ஒன்று 1880இல் நிகழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவருடைய மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடஞ் சொல்லி வந்தார். பிள்ளையின் மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் புலவர். உடல்நலம் குன்றி ஓய்வு பெற எண்ணிய செட்டியார், தம் இடத்திற்குச் சாமிநாதையரையே அமர்த்த வேண்டும் என்று கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் எடுத்துரைத்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரைப் பிரிய மனமில்லாதவராயினும் அவருடைய நன்மை கருதி இசைந்தார். 1880 பிப்ரவரி 16இல் 50 ரூபாய்ச் சம்பளத்தில் உ.வே.சா. கல்லூரிப் பணியை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21இல் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாகச் சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டும் புறநானூறும் அச்சேறிய வரலாற்றை நான் விரிக்க வேண்டியதில்லை. கும்பகோணத்திற்கு அவர் வராதிருந்தால் முதலியாரைச் சந்தித்திருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, ஆசிரியர் மறைந்துவிட்டார் என்பதால் பரிந்துரைப்பார் இல்லாமற் போய்விடவில்லை. நன்னூலார் கூறிய 'தன்னொடு கற்றோன்' என்பதை விரித்துப் பொருள்கொண்டால், ஓராசிரியரின் மூத்த மாணாக்கர் இளைய மாணாக்கர்க்குச் சொல்லும் பாயிரமாகவே செட்டியாரின் செயல் அமைந்தது. இரண்டாவது, பெற்றவர் அதனை மறக்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு உ.வே.சா. 'தியாகராச விலாசம்' என்றே பெயரிட்டார். 2012இல் அவ்வீடு இடிக்கப்பட்டுவிட்டது. பெயர் தமிழ் வரலாற்றில் நிற்கின்றது.

திருக்கோவலூர் சென்ற இளைஞர்

மற்றொரு நிகழ்ச்சியும் நம் பகுதியோடு தொடர்புடையது. கும்பகோணம் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் கணக்கொழிந்த பிற பாடங்களில் தேறாமல், பட்டம் பெறும் வழி அடைபட்டு நின்ற இளைஞர் ஒருவர் 1910இல் திருக்கோவலூருக்கு வந்தார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசுவாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். இளைஞர் கேட்டது அவர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. கொண்டுவந்த குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் இவரை அமர்த்துவது இவர் அறிவைப் புதைப்பதாகும் எனக் கருதினார். வேலை தரவில்லை, சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் தந்தார். அவ்வாறு அவர் சென்று சேர்ந்தது தம் பழைய கும்பகோணத்து ஆசிரியர் சேஷு ஐயரிடம். சேஷு ஐயர் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவுக்கு அறிமுகம் தந்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பித்தபோது மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை உடன் சென்றது. 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிட்டியது. 1913 சனவரி 16இல் கேம்பிரிட்சு அறிஞர் ஹார்டிக்கு அவ்விளைஞர் தாமே கடிதம் எழுதினார். அவர்தாம் சீனிவாச இராமானுசன். அதன்பின் கில்பர்ட் வாக்கர் என்னும் அறிஞர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுத, பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப்பட்டது. 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

இவ்வரலாற்றில் ஹார்டியின் பெயரே பெரிதாகப் பேசப்படுகின்றது. ஆனால் முதற் கடிதம் நம் பெண்ணையாற்றங்கரையில் எழுதப்பட்டது. எழுதியவர் செய்தது ஒன்றுதான். பட்டம் என்ன என்று கேட்பதோடு நில்லாமல் குறிப்பேட்டைத் திறந்து படித்தார்.

கேட்கும் முறை

இனி மாணவர்க்குச் சில சொற்கள். யாரிடம் கேட்பது? பெரிய பதவியில் இருப்பாரிடம் அன்று, உங்களை அறிந்தவரிடம். துணைவேந்தரின் கையொப்பத்தோடு வரும் நான்கு வரிகளைவிட, உங்கள் ஆய்வேட்டைத் திருத்திய கௌரவ விரிவுரையாளரின் இரண்டு பக்கம் மேலானது. எப்போது கேட்பது? இறுதி நாளுக்கு ஆறு வாரம், எட்டு வாரம் முன்னதாக. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் இறுதி நாள் திசம்பர், சனவரி மாதங்களில் வரும். நம் கல்லூரிகளில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் அதே காலத்தில் வந்து சேர்வதை நினைவில் கொள்ளுங்கள்.

எவ்வாறு கேட்பது? இயன்றால் நேரில் செல்லுங்கள். ஓய்வு பெற்றவராயின் முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டிற்குச் செல்லுங்கள். "ஐயா, நான் இன்ன ஆண்டு தங்களிடம் நன்னூல் பயின்றேன், இன்ன தலைப்பில் ஒப்படைப்பு எழுதினேன்" என்று நினைவூட்டுவது குற்றமன்று. ஆயிரம் மாணவரைக் கண்டவர்க்கு அது துணையாகும். மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டின் படி, நீங்கள் எழுதிய நோக்கக் கட்டுரை, விண்ணப்பிக்கும் இடங்களும் இறுதி நாள்களும் அடங்கிய ஒரு தாள், இவற்றை ஒரே உறையில் தாருங்கள். "தாங்கள் நிறைவோடு எழுத இயலுமா?" என்று கேளுங்கள். இயலாதெனில் அவர் விலகிக்கொள்ள இவ்வினா வழிவிடும். அரைமனத்தோடு எழுதிய கடிதம் இல்லாத கடிதத்தினும் கேடு தருவது.

அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில், கடிதத்தைப் பின்னர்ப் பார்க்கும் உரிமையைத் துறக்கின்றீரா என்றொரு வினா இருக்கும். 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று மாணவர்க்கு அவ்வுரிமையை அளித்தது. பெரும்பாலோர் அதனைத் துறக்கின்றனர். ஆசிரியர் தடையின்றி எழுதினார் என்னும் நம்பிக்கை படிப்பவர்க்கு ஏற்படும் என்பதே காரணம். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. முடிவு எதுவாயினும் ஆசிரியர்க்குத் தெரிவியுங்கள். இடம் கிடைத்த செய்தியை மட்டுமன்று, கிடைக்காத செய்தியையும்.

எழுதும் முறை

ஆசிரியர்களாகிய நமக்கும் சொல்ல வேண்டியவை உள. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்னும் வழக்கம் நம்மிடையே பரவிக் கிடக்கின்றது. பணிச்சுமை உண்மையே. ஆயினும் இதனால் விளையும் தீங்குகள் சிறியவை அல்ல. பாயிரத்தை நூலாசிரியன் தலையிலேயே சுமத்துவது இது. நன்னூல் விலக்கிய தற்புகழ்ச்சியை ஆசிரியனே கற்பிப்பதாகும். மூவர் பெயரில் வரும் மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருப்பதைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வர். யாவற்றினும் மேலாக, நம் சிற்றூர் மாணவர் தம்மைத் தாமே குறைத்து எழுதிவிடுவர். தம் திறம் இன்னதென்று அவர்களே அறியார். அதை அறிந்து சொல்லத்தானே ஆசிரியர் வேண்டும்?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் குறையே இல்லாதவர் அரியர் என்றும், குணமும் குற்றமும் நாடி மிகையானதைக் கொள்க என்றும் நெறி காட்டுகின்றது. நல்ல கடிதமும் அவ்வாறே அமைதல் வேண்டும். எத்தனை ஆண்டுகளாக அறிவோம், எந்தப் பாடம் கற்பித்தோம் என்று தொடங்குக. மாணவர் செய்த ஒரு செயலை, எழுப்பிய ஒரு வினாவை, எழுதிய ஒரு பக்கத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுக. உடன் பயின்றாரோடு ஒப்பிட்டு நிலை காட்டுக. ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்திருந்தால், மாணவர் இசைந்தால், அதன் காரணத்தையும் கூறுக. அறுவடைக் காலத்தில் தந்தைக்கு உடல்நலம் குன்றியதால் தேர்வு கெட்டது என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது, ஆசிரியர் சொல்லலாம்.

"நான் தமிழாசிரியன், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவேன்" என்று ஒதுங்குவாரும் உளர். அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை. எளிய சிறு தொடர்கள் போதும். செய்தி இருந்தால் நடை தானே வரும். சிகாகோ, பெர்க்கிலி முதலிய பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்படுகின்றது. நம் மாணவரின் தமிழறிவை மதிப்பிட நம்மினும் தக்கார் அங்கே இல்லை என்பதை அவர்களும் அறிவர். இப்போது கடிதங்கள் உறையிலிட்டு அனுப்பப்படுவதில்லை. பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்பின் வழியே சேர்க்கப்படுகின்றன. கல்லூரியின் பெயரிலமைந்த மின்னஞ்சல் முகவரியைப் பல இடங்களில் எதிர்பார்க்கின்றனர். அம்முகவரியைப் பெற்று வைத்துக்கொள்வது ஆசிரியர் தம் மாணவர்க்குச் செய்யும் சிறு ஆயத்தம்.

கவிஞர் பெருமக்களுக்கும் ஒரு சொல். தாங்கள் வெளியிடும் தொகுதிகளுக்கு அணிந்துரை கேட்டுப் பெறுகின்றீர்கள். தாங்களும் பிறர்க்கு வழங்குகின்றீர்கள். நூலைப் பாதி படித்து, எந்த நூலுக்கும் பொருந்தும் அணிந்துரை எழுதும் பழக்கமும், பெயரை மட்டும் மாற்றி எழுதும் பரிந்துரைக் கடிதமும் ஒரே நோயின் இரு முகங்கள். ஒரு கவிதையையேனும் சுட்டி, இது எதனால் நிற்கும் என்று சொல்லாத அணிந்துரை கவிஞனுக்கு எப்பயனும் தாராது.

இறுதியாக இவ்வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். பதினோராம் ஆண்டின் பணிகளுள் ஒன்றாக, மேற்படிப்பிற்கு விண்ணப்பிக்கும் மாணவர் வந்து வழி கேட்க, மாதம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். அவர்களின் நோக்கக் கட்டுரையைப் படித்துக் கருத்துரைக்க இங்குள்ள கவிஞர்கள் போதும். பழைய ஆசிரியர்களின் முகவரி தேடித் தர ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் இருக்கின்றார்கள். வழியில் கண்ட பாணனுக்கு வழி சொன்ன பாணனின் நாடு இது. அப்பணியில் என் பங்கையும் ஏற்கச் சித்தமாக உள்ளேன்.